விடை தெரியும், இடம் தெரியவில்லை

(கணினிவழிப் பயிற்சிப் பக்கங்கள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கான பணிமனையில் ஆற்றிய உரை)



இரண்டு நாள்களாக இங்கே நீங்கள் செய்து காட்டிய பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வினாடிவினா, இழுத்துப் பொருத்தும் பயிற்சி, தொட்டால் திரும்பும் அட்டைகள் என்று எத்தனை வகை! பாடநூலைத் தாண்டிக் குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற உங்கள் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். எனக்கு ஒதுக்கிய இந்த நேரத்தில், இதே ஆர்வத்தோடு நான் செய்த ஒரு தவறைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். இணையப்பக்கம் உருவாக்கக் கற்றுக்கொண்ட புதிதில் செல்லின் நுண்ணுறுப்புகளுக்கு ஒரு ‘பொருத்துக’ பயிற்சி தயாரித்தேன். இடப்பக்கம் மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், உட்கரு என்று பெயர்கள். வலப்பக்கம் அவற்றின் பணிகள். பெயரை மவுஸால் பிடித்து இழுத்து, உரிய பணியின் மேல் விட வேண்டும். சரி என்றால் பெட்டி பச்சையாகும். தவறு என்றால் சிவப்பாகும். மேலே பத்து நிமிடக் கடிகாரம் ஓடும். சக ஆசிரியர்கள் பார்த்துப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அந்த வகுப்பில் பார்வை மிகக் குறைந்த மாணவி ஒருத்தி இருந்தாள். சிறப்புப் பயிற்றுநர் அவளுக்குத் திரைவாசிப்பான் மென்பொருளைப் பழக்கியிருந்தார். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விசைப்பலகையிலேயே கணினியை இயக்குவாள். மென்பொருள்தான் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று நான் எண்ணிவிட்டேன். பத்து நிமிடம் முடிந்தது. அவள் திரையில் பத்துக்குப் பூஜ்ஜியம்.

அதற்கு முந்தைய இரண்டு பயிற்சிகளிலும் அவளுக்குப் பூஜ்ஜியம்தான். அவற்றைப் பதிவேட்டில் எழுதியும் விட்டேன். “வீட்டில் படிப்பதே இல்லை போலிருக்கிறது” என்று அவள் அம்மாவை அழைத்துச் சொல்லியும் இருந்தேன். அன்று ஏனோ அவள் அருகில் உட்கார்ந்து, அதே கேள்விகளை வாய்மொழியாகக் கேட்டேன். மளமளவென்று சொன்னாள். “பிறகு ஏன் ஒன்றுகூடப் போடவில்லை?” என்று கேட்டேன். அவள் சொன்னாள்: “விடை தெரியும் மிஸ். அதைப் போடுற இடந்தான் தெரியல.”

அந்தப் பூஜ்ஜியம் யாருடையது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுடைய அறிவியல் அறிவை நான் அளக்கவே இல்லை. அவளால் மவுஸைப் பிடித்து இழுக்க முடியுமா என்று மூன்று முறை சோதித்து, முடியாது என்று மூன்று முறை பதிவேட்டில் எழுதியிருந்தேன்.

அன்று மாலையே அவளுடைய ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு என் பக்கத்தைக் கேட்டேன். திரைவாசிப்பான் பக்கத்தின் அழகைப் பார்ப்பதில்லை. அதன் அடியில் எழுதியிருப்பதைத்தான் வாசிக்கிறது. மைட்டோகாண்ட்ரியா என்று ஒரு சொல், ரைபோசோம் என்று ஒரு சொல். அவை நகர்த்தக் கூடியவை என்று எங்கும் சொல்லவில்லை. டேப் விசையை அழுத்திப் பார்த்தேன். ஒரு பெட்டியிலும் நிற்காமல் நேராக உலாவியின் முகவரிப் பட்டைக்குப் போய்விட்டது. என் ‘சமர்ப்பி’ பொத்தான்கூடப் பொத்தான் இல்லை. நிறம் பூசி, முனைகளை வளைத்து, பொத்தான் போலத் தோன்றும்படி நான் வரைந்த வெறும் பெட்டி அது.

இதை விளங்கிக்கொள்ள ஒரு எளிய உதாரணம் சொல்கிறேன். மின்சாரம் இருக்கிறது, ஆனால் விளக்கு எரியவில்லை. இருட்டில் ஒரு புதிய வீட்டுக்குள் நுழைகிறீர்கள். சுவரில் சுவிட்ச் பலகையைத் தேடுகிறீர்கள். முதலில் அது கைக்கு எட்ட வேண்டும். எட்டினாலும், எது விளக்கு, எது மின்விசிறி என்று தெரிய வேண்டும். தெரிந்தாலும், இப்போது போட்டிருக்கிறதா, அணைத்திருக்கிறதா என்று புரிய வேண்டும். அழுத்திய பிறகு ஏதாவது நடந்தது என்றும் தெரிய வேண்டும்.

இணையப்பக்கத்தில் நாம் வைக்கும் பொத்தான், தேர்வுக் கட்டம், விரியும் பட்டியல் எல்லாமே சுவிட்சுகள்தான். ஒவ்வொன்றும் விசைப்பலகைக்கு எட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெயர் வேண்டும்: ‘சமர்ப்பி’. அது என்ன வகை என்று தெரிய வேண்டும்: பொத்தான். அதன் நிலை தெரிய வேண்டும்: தேர்வு செய்யப்பட்டுள்ளதா, இல்லையா, விரிந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா. உலகளாவிய இணையக் கூட்டமைப்பு வெளியிட்டுள்ள அணுகல் வழிகாட்டு நெறிகளிலும் பெயர், வகை, நிலை என்ற இந்த மூன்றும் ஒரு தனி விதியாகவே இருக்கின்றன. அந்நெறிகளின் முதல் பதிப்பு 1999-இல் வந்தது; இப்போதுள்ள 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அதாவது, நான் தவறு செய்த காலத்தில் இதற்கு விடை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

சரி, எப்படித் திருத்தினேன் என்று சொல்கிறேன்.

முதலில், வரைந்த பெட்டிகளை எடுத்துவிட்டு உண்மையான பொத்தான்களை வைத்தேன். எச்.டி.எம்.எல். மொழியில் ‘பட்டன்’ என்று ஒரு குறிச்சொல் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் டேப் விசைக்கு அது தானாகவே எட்டும். என்டர் விசைக்கும் ஸ்பேஸ் விசைக்கும் தானாகவே இயங்கும். திரைவாசிப்பானும் ‘பொத்தான்’ என்று தானாகவே சொல்லும். வெறும் பெட்டியாகிய ‘டிவ்’ குறிச்சொல்லில் இவற்றில் எதுவும் கிடையாது. நான் பாடுபட்டு வரைந்ததைவிட, உலாவி இலவசமாகத் தருவது எவ்வளவோ மேல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘ஏ.ஆர்.ஐ.ஏ.’ என்று சில குறிப்புகள் உண்டு. வெறும் பெட்டியின் மேல் ‘இது பொத்தான்’ என்று அவற்றால் எழுதிவிடலாம். திரைவாசிப்பானும் அப்படியே சொல்லும். ஆனால் எழுதியதால் மட்டும் அது பொத்தானாக வேலை செய்யாது. கதவில்லாத சுவரில் ‘வாசல்’ என்று பலகை மாட்டுவது போன்றது அது. அதனால்தான் அந்தக் குறிப்புகளை உருவாக்கியவர்களே, எச்.டி.எம்.எல்.லில் உரிய உறுப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள் என்பதை முதல் விதியாக வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, இழுத்துப் பொருத்துவது. அதை நான் முழுவதும் நீக்கவில்லை. ஒவ்வொரு நுண்ணுறுப்பின் அருகிலும் ஒரு கீழ்விரி பட்டியல் சேர்த்தேன். மேல், கீழ் அம்புக்குறி விசைகளால் பணியைத் தேர்ந்தெடுக்கலாம். இழுக்க விரும்பும் பிள்ளைகள் இழுக்கட்டும். மற்றவர்கள் பட்டியலிலிருந்து எடுக்கட்டும். இந்த மாற்றம் அந்த மாணவிக்கு மட்டும் உதவவில்லை. அதே வகுப்பில் மூளை முடக்குவாதத்தால் கைநடுக்கம் உள்ள மாணவன் ஒருவன் இருந்தான். பிடித்த சொல்லைப் பாதிவழியில் நழுவவிட்டு, மறுபடி பிடித்து, ஒவ்வொரு முறையும் மிகுந்த சிரமப்பட்டிருக்கிறான். அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை, நானும் கவனித்ததில்லை. 2.2 பதிப்பு, இழுக்காமலும் ஒரு செயலைச் செய்ய வழி இருக்க வேண்டும் என்று புதிதாகச் சேர்த்திருக்கிறது. அழுத்த வேண்டிய இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் அளவாவது இருக்க வேண்டும் என்றும், அது முடியாவிட்டால் பக்கத்துப் பொத்தானிலிருந்து போதிய இடைவெளி வேண்டும் என்றும் சொல்கிறது. கைப்பேசியின் சிறிய திரையில் தவறான விடையைத் தொட்டுவிட்ட அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டல்லவா?

மூன்றாவது, நிறம். பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் தவறு என்று மட்டும் காட்டினால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். அப்படிப்பட்ட பிள்ளை தன் வகுப்பில் இருக்கிறது என்று பல ஆசிரியர்களுக்குத் தெரிவதே இல்லை. பல நேரம் அந்தப் பிள்ளைக்கே தெரிவதில்லை. அதனால் நிறத்தோடு ‘சரி’, ‘தவறு’ என்ற சொல்லையும் எழுதினேன். வெளிர் சாம்பல் நிற எழுத்துகளையும் மாற்றினேன். சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்திலாவது இருக்க வேண்டும் என்பது நெறி. இதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன.

நான்காவது, கடிகாரம். அரசுத் தேர்விலேயே மாற்றுத்திறன் மாணவர்களுக்குக் கூடுதல் நேரம் தருகிறோம். என் சிறு பயிற்சியில் பத்து நிமிடத்தில் கதவை அடைக்க நான் யார்? நேரத்தை நிறுத்தவோ நீட்டவோ ஒரு பொத்தான் வைத்தேன்.

ஐந்தாவது, நம் தமிழ். இதை நீங்கள் அவசியம் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பழகியவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் அம்மா என்றுதான் தெரியும். ஆனால் அடியில் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பான் அந்த ஆங்கிலக் குறிகளைத்தான் வாசிக்க முயலும். நம் கண்ணுக்குத் தமிழ். அந்தக் குழந்தையின் காதுக்கு உளறல். ஆகவே எதையும் ஒருங்குறியில், அதாவது யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பக்கத்தின் தொடக்கத்தில் அதன் மொழி தமிழ் என்று குறிப்பிடுங்கள். அப்போதுதான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாற முடியும். வினாத்தாளைப் படமெடுத்து ஒட்டாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து பல நேரம் ‘படம்’ என்ற ஒற்றைச் சொல்லாகத்தான் காதில் விழும். படம் வைத்தே ஆக வேண்டும் என்றால், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி மாற்று உரை எழுதுங்கள். ‘செல் படம்’ என்று எழுதினால் போதாது. கேள்விக்கு எந்த விவரம் தேவையோ அதை எழுதுங்கள். விடையை மட்டும் எழுதிவிடாதீர்கள்!

இவ்வளவும் செய்துவிட்டு அந்த மாணவியை மறுபடி உட்கார வைத்தேன். இரண்டு நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். “மிஸ், கேள்வியைப் படிக்கவிடாம இது நொடிக்கு நொடி மணி சொல்லிக்கிட்டே இருக்கு” என்றாள். கடிகாரம் அவளுக்கும் தெரியட்டும் என்று, எண் மாறும்போதெல்லாம் திரைவாசிப்பான் அறிவிக்கும்படி செய்திருந்தேன். அது ஒவ்வொரு நொடியும் கத்தியிருக்கிறது! அதை மாற்றி, கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு முறை சொல்லும்படி வைத்தேன்.

அவள் இன்னொரு குறையும் கண்டுபிடித்தாள். ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தியதும் மதிப்பெண் ஒரு சிறு பெட்டியாகத் திரையின் நடுவே தோன்றும். பார்ப்பவர்களுக்குக் குறையில்லை. அவளுக்கோ எந்தச் சத்தமும் இல்லை. அழுத்தினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பெட்டி திறந்தால் விசைப்பலகையின் கவனம் அதற்குள் போக வேண்டும். எஸ்கேப் விசையை அழுத்தினால் மூட வேண்டும். மூடியதும் கவனம் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். பெட்டி எதுவும் திறக்காமல், ‘விடை சேமிக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் தோன்றுவதானால், அதைத் திரைவாசிப்பான் தானாகப் படிக்கும்படி குறித்துவைக்க வேண்டும். புத்தகம் படித்து நான் தெரிந்துகொண்டது பாதி. மீதியை அந்த எட்டாம் வகுப்பு மாணவிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.

நண்பர்களே, உங்களில் சிலர் நினைக்கலாம்: “எனக்கு நிரல் எழுதவே தெரியாது. யாரோ செய்த பக்கத்தின் இணைப்பைத்தான் வகுப்புக்கு அனுப்புகிறேன்.” அப்படியானால் உங்கள் வேலை இன்னும் எளிது. அனுப்புவதற்கு முன் மவுஸை எடுத்து மேசை ஓரமாக வைத்துவிடுங்கள். டேப், ஷிப்ட்டோடு டேப், அம்புக்குறிகள், என்டர், ஸ்பேஸ் ஆகிய விசைகளை மட்டும் கொண்டு அந்தப் பயிற்சியை முதலிலிருந்து முடிவு வரை செய்து பாருங்கள். இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று ஒரு கட்டமோ கோடோ உங்களுக்குக் காட்டுகிறதா? ஏதாவது ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் போகிறதா? கடைசியில் சமர்ப்பிக்க முடிகிறதா? ஐந்து நிமிடம் போதும். ஒரு சிறு குறிப்பு: ஒரே கேள்விக்கான நான்கு விடை வட்டங்களுக்குள் டேப் விசையால் நகர முடியாது, அம்புக்குறியால்தான் நகர வேண்டும். அது குறை இல்லை, முறைதான்.

அடுத்ததாக, ஒரு முறையாவது கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அமைப்புகளில் பொதுவாக ‘டாக்பேக்’ என்ற வசதி இருக்கிறது. விண்டோஸ் கணினிக்கு ‘என்.வி.டி.ஏ.’ என்ற திரைவாசிப்பான் விலையில்லாமல் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-இல் அதை எழுதத் தொடங்கினார். அதில் தமிழையும் கேட்கலாம். பள்ளி ஆய்வகத்தில் ஒரு கணினியிலாவது அதை நிறுவி வையுங்கள்.

மற்றொரு கேள்வியும் வரும்: “நாற்பது பேரில் ஒரு பிள்ளைக்காக இவ்வளவா?” ஆய்வகத்தில் சில மவுஸ்கள் வேலை செய்யாத நாளை நினைத்துப் பாருங்கள். விசைப்பலகையில் இயங்கும் பக்கம் அன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கைகொடுக்கும். கையில் கட்டுப் போட்டு வந்த பிள்ளை, வெயிலில் கைப்பேசித் திரை தெரியாமல் தவிக்கும் பெற்றோர், எழுத்து பெரிதாக இருந்தால்தான் படிக்க முடிகிற நாமே — எல்லோருக்கும் இது உதவும். ஆனால் வேறு யாருக்கும் உதவாவிட்டாலும், அந்த ஒரு பிள்ளை போதாதா? வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரும் இருக்கிறதே!

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, உள்ளடக்கிய கல்வியைப் பள்ளிகளின் கடமையாக்குகிறது. மின்னணு வடிவில் உள்ளவை அவர்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. இணையவழிச் சேவைகளை எட்டும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து இதைச் செய்ய வேண்டாம். நாம் போடும் மதிப்பெண் உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்வோம்.

அந்த மாணவியின் கதையை முடித்துவிடுகிறேன். திருத்திய பக்கத்தில் அவள் மூன்றாம் முறை உட்கார்ந்தபோது பத்துக்கு ஏழு வாங்கினாள். கோல்கை உறுப்புகள், லைசோசோம், சென்ட்ரியோல் ஆகிய மூன்றும் தவறு. முன்பு போட்ட பூஜ்ஜியம் அவளைப் பற்றி எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை. இந்த ஏழோ, அவளுக்கு நான் எதை மறுபடி நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. அடுத்த நாள் அந்த மூன்றையும் நடத்தினேன். பதிவேட்டில் இருந்த பழைய பூஜ்ஜியங்களை அடித்துத் திருத்தி, தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்கினேன். அவள் அம்மாவை மறுபடி வரச்சொல்லி, “அன்றைக்கு நான் சொன்னது தப்பும்மா, பிள்ளை நன்றாகப் படிக்கிறாள்” என்று சொன்னேன். அவர் பதில் எதுவும் பேசவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு எல்லோரும் மீண்டும் உங்கள் பக்கங்களுக்குத் திரும்பப் போகிறீர்கள். உட்கார்ந்ததும் முதல் வேலையாக, மவுஸின் இணைப்பைக் கழற்றிவிட்டு உங்கள் பயிற்சியை ஒரு முறை நீங்களே எழுதிப் பாருங்கள். எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து திருத்தத் தொடங்குவோம். நானும் உங்களோடு உட்காருகிறேன்.